எழுதாத ஐந்நூற்று அறுபது ஈடு

ஜூலை 8, செவ்வாய்

வெயில். சாயங்காலம் மேகம் கூடியது, ஏமாற்றிவிட்டுப் போனது. எங்கள் மூலக்குளம் முழுக்கப் புழுக்கம். யாழினிக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

செய்ய வேண்டியவை:
– செக்குக் கணக்கு முடிக்க. ஞாயிறு ஊர்க் கூட்டம்.
– தடுப்பூசி அட்டை தேட.
– கேஸ் புக் பண்ண.
– சரவணன் சட்டைக்குப் பொத்தான்.

நான்கில் நடந்தது கேஸ் மட்டும்.

லாஸ்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ் பெண் மறுபடியும் போன். "மேடம், வரவு இவ்ளோ கம்மியா இருக்கு, கரண்ட் பில்லு மட்டும் எகிறிக் கெடக்கு. எண்ணெய் ஆட்றீங்களா, இல்ல ஏசி போட்டு உக்காந்திருக்கீங்களா?" அவளே கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். மாதம் நாலாயிரம் சம்பளம் எனக்கு. அதில் இந்தச் சிரிப்பும் சேர்த்தி.

ஊர்ச் செக்கு என்று பெயர். என் வீட்டுக்காரர் சரவணனின் ஊர், சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு வீடு இரண்டாயிரம் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, ஒரு மோட்டார் செக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டித் தரும் கூலி ஊருக்கு. முதலாளி கிடையாது, ஊரே முதலாளி. தலைவர் மட்டும் சரவணனின் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமா. "நம்ம வூட்டு மருமவ பி.காம். வெளியாளுக்கு எதுக்குத் தண்டக் காசு?" என்று சொல்லி என்னைக் கணக்கில் உட்கார வைத்தவர். போன வருஷம் ஏப்ரல். எனக்கு நிறைமாதம். நிமிர்ந்து உட்காரவே முடியாது, அதில் ரொக்கப் புத்தகம் கோடு போட்டுக் கொடுத்தேன்.

யாழினிக்குப் பதினான்கு மாதம். இன்னும் தனியாக நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா: "எங்க பையன் பத்து மாசத்துல ஓடுனான்." ஓடட்டும்.

ஜூலை 9, புதன்

செக்குக்குப் போனேன். யாழினியையும் தூக்கிக்கொண்டு. வேறு வழி? சரவணனுக்குப் பகல் ஷிப்ட்.

மல்லாட்டைக் கிடங்கில் கைக்குழந்தை. தரையெல்லாம் பருப்பு. ஒரு நிமிஷம் கரண்ட் மீட்டரைப் பார்த்தேன், திரும்பினால் வாய் மெல்லுகிறது. விரலை விட்டுத் தோண்டினேன். பாதிப் பருப்பு. மீதி? மூச்சு சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் மார்பில் காது வைத்துக் கேட்டேன். அஞ்சலை அக்கா, "முழுங்கிட்டிருக்கும், நாளைக்கு வந்துடும் வுடு" என்று சொல்லிவிட்டுப் பருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். செக்கை ஓட்டுவது அவர் ஒருவர்தான். பருப்பு போட, எண்ணெயில் கசண்டு வடிக்க, நோட்டு எழுத, பெருக்க, பூட்ட, எல்லாம். புருஷன் இல்லை. ஒரே பெண் காலேஜில்.

போன வேலைக்கு வருகிறேன். ஒரு ஈடு என்றால் செக்கில் ஒரு தடவை கொட்டுவது, பதினாறு கிலோ பருப்பு. புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, ஓர் ஈடு முடியும் வரை காத்திருந்து, முன்னும் பின்னும் மீட்டர் குறித்தேன். சரியாக மூன்று யூனிட். லைட்டுக்குத் தனி மீட்டர், ஆகவே குழப்பம் இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டது:
வருஷம் முழுக்க யூனிட் – 3,900
அப்படியானால் ஓடிய ஈடு – 1,300
நோட்டில் எழுதிய ஈடு – 740
எழுதாதது – 560

மூன்று தடவை போட்டேன். 560.

யாரையும் நம்பக்கூடாது. அந்த அக்காவுக்கு நான் தீபாவளிக்குப் புடவை கொடுத்தேன். ஊருக்குத் தெரியாமல் வெளியாள் மல்லாட்டையை ஆட்டிக் காசைப் பையில் போட்டிருக்கிறார். வேறென்ன அர்த்தம்? உடனே பெரிய மாமாவுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அக்காவையே கேட்டிருக்கலாம். போட்டேன்.

மாமா ஆச்சரியப்படவே இல்லை. "எனுக்கு அப்பவே சந்தேகம்மா. நல்லவேளை நீயே கண்டுபுடிச்ச. வுட்ரு, நான் பாத்துக்கறேன்."

பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எழுதவே கூசுகிறது.

ஜூலை 10, வியாழன்

காலை பத்தரை. குக்கர் இரண்டாவது விசில். வாசலில் அஞ்சலை அக்கா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ரொக்கக் கணக்கு நோட்டு, கட்டைப் பையில் சுற்றி.

"கதவுல புதுப் பூட்டு தொங்குது. 'திருடி, நீ வரவேணாம்'னு ஆள் வுட்டுச் சொல்றாரு தலைவரு. நீதான் சொன்னியாமே?"

ஆமாம் என்றேன். படித்த திமிரோடு விளக்கினேன். மீட்டர், யூனிட், 740, 560. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. நோட்டை என் மடியில் வைத்தார்.

"புண்ணாக்க வுட்டுட்டுப் போறவங்க காசு குடுக்க மாட்டாங்க. புண்ணாக்குதான் கூலி. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஆட்டிக்கினு போறாங்க. அத எதுல எழுதறது?"

"நோட்லதான் எழுதணும்."

"காசு வந்தா எழுதுக்கா, காசு போனா எழுதுக்கா, வேற எதுவும் எழுதாத, கட்டம் குழம்பிடும். யாரு சொன்னது?"

நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிடங்கின் ஸ்டூலில் உட்கார்ந்து, இதே நோட்டில் கோடு போட்டபடி. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. அவர்கூட அன்றைக்கு ஏதோ கேட்க வாயைத் திறந்தார். எனக்கு இடுப்பு வலி. "அவ்ளோதாங்க்கா" என்று எழுந்துவிட்டேன்.

"மூட்டையெல்லாம் எங்கக்கா போவுது?"

"வாரத்துக்கு ஒருநாள் ஏழுமல மினி லாரி வரும். தலைவர் சொன்னாருன்னு ஏத்திக்கினு போவான். நான் எண்ணிதான் ஏத்தி வுடுவேன்."

"எண்ணினத எழுதி வச்சியாக்கா?"

"நீ வேணாம்னியே."

ஏழுமலை பெரிய மாமாவின் மச்சான். மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். நாற்பது மாடு. நான் நேற்று உட்கார்ந்து மீட்டர் பார்த்ததே அந்த மூட்டை மேல்தான். மூக்குக்குக் கீழே வாசனை. பி.காம்.

காபி கலந்து நீட்டினேன். "திருடின்னு சொன்ன வூட்ல குடிக்க மாட்டேன்" என்று படியிறங்கினார். யாழினி பின்னாலேயே தவழ்ந்து போய் அவர் முந்தானையைப் பிடித்தாள். குனிந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனார். குழந்தையின் மேல் கோபமில்லை, மெதுவாகத்தான் எடுத்தார்.

ஓர் ஈட்டுக்கு ஒன்பது கிலோ புண்ணாக்கு. 560 ஈடு. 5,040 கிலோ. கிலோ நாற்பத்தைந்து என்றால் 2,26,800.

குக்கர் அடிப்பிடித்தது.

ஜூலை 11, வெள்ளி

பெரிய மாமா (இனி பெ.மா. அந்த 'பெரிய'வை முழுசாக எழுதக் கை வரவில்லை) நேரில் வந்தார். ஒரு பலாப்பழத்தோடு. சரவணன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து.

நான் எதையும் மறைக்கவில்லை. புண்ணாக்கு, மூட்டை, மினி லாரி, எல்லாம் கேட்டேன்.

"இந்தா பாரும்மா. புண்ணாக்கு ஒரு வருமானமா? மாடு திங்கறது. ஊர்ல யாரும் அதக் கணக்குல சேத்ததில்ல."

"அப்ப அஞ்சலை அக்கா எதத் திருடுனாங்க மாமா?"

"திருடுனான்னு யாரு சொன்னா? நீதான போன் போட்டுச் சொன்ன." சிரித்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம அறிக்கைல புண்ணாக்குன்னு ஒரு வரி வரக்கூடாது. 'இயந்திரம் இயக்குபவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு', அப்பிடின்னு நல்ல தமிழ்ல எழுது. படிச்சவ இல்ல நீ? அவ மேல போலீசுக்கா போவப் போறோம்? வேலைய வுட்டு எடுத்தாச்சு. முடிஞ்சு போச்சு. செக்குக்கு ஃபில்டர் மிஷின் வாங்க லோன் வர்ற நேரம். அறிக்கை சுத்தமா இருக்கணும்."

சுத்தமா.

அவர் போனதும் சரவணன் ஆரம்பித்தார். "பெரியப்பா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு."

"எது?"

"இன்னும் நெலம் பாகம் பிரிக்கல ரேவதி. அவரு கையெழுத்து வேணும். அந்தம்மாவுக்கு வேற வேல கெடைக்காதா? நம்ம கம்பெனில கூட்டிப் பெருக்க ஆள் கேக்கறாங்க."

எண்ணெய் ஆட்டுபவர். நோட்டு எழுதுபவர். கூட்டிப் பெருக்கப் போகட்டுமாம். பலாப்பழத்தைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டேன். அதற்கு, "பழம் இன்னா பண்ணுச்சு?" என்கிறார்.

தனித்தனியாகச் சாப்பிட்டோம். யாழினி மட்டும் இரண்டு பேரிடமும் மாறி மாறி வாங்கித் தின்றாள்.

ஜூலை 12, சனி

யாழினிக்குக் காய்ச்சல். நூற்றொன்று. டாக்டர் பல் என்கிறார். எல்லாவற்றுக்கும் பல். அந்தப் பருப்பு நெஞ்சில் தங்கியிருக்குமோ என்று கேட்டேன். "மூணு நாள் ஆச்சும்மா, தங்கி இருந்தா தெரிஞ்சிருக்கும்." இன்னொரு முறை கேட்டேன். அவருக்கே அலுத்துவிட்டது. சொட்டு மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இவளை மடியில் போட்டுக்கொண்டே அறிக்கை எழுதினேன். முதலில் பெ.மா. சொன்ன வரியை எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதிப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று. அழகாகத்தான் இருந்தது. இலக்கணப் பிழை இல்லை. யார் படித்தாலும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த அக்காவின் பெயர்கூட வரவில்லை, ஆனால் ஊரில் யார் வாயிலும் இனி வேறு பெயர் வராது.

அழித்தேன்.

புதிதாக ஒரு பத்தி. அதை எழுத இரண்டு மணி நேரம். எனக்குச் சம்பளம் போகும். போகட்டும் என்று எழுத முடியவில்லை, நாலாயிரம் என்பது டயபர், பால், வாடகையில் கொஞ்சம். சரவணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டத்துக்கு நானும் வரணுமா?" என்றார்.

ஜெராக்ஸ் பத்துப் பிரதி. இருபது ரூபாய்.

ஜூலை 13, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. சரவணன் வந்தார். தானாகவே பைக்கை எடுத்தார், யாழினியை அவரே வைத்துக்கொண்டார். கூடத்துக்குள் மட்டும் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடி.

சமுதாயக் கூடம். நூறு பேர் இருக்கும். மைக் இரைச்சல். பெ.மா. மேடையில், வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஏழுமலை. அஞ்சலை அக்கா கடைசியில், வாசல் படியருகே நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வரவு படித்தேன். செலவு படித்தேன். யாரும் கேட்கவில்லை, ஒருவர் குறட்டைகூட விட்டார். பிறகு அந்தப் பத்தி. மனப்பாடமே ஆகிவிட்டது:

"மின் மீட்டரின்படி செக்கு 1,300 ஈடு ஓடியுள்ளது. நோட்டில் 740 மட்டுமே உள்ளது. மீதி 560 ஈட்டுக்குக் கூலியாகப் புண்ணாக்கு விடப்பட்டது. அது நோட்டில் ஏறவில்லை. ரொக்கம் தவிர எதையும் எழுத வேண்டாம் என்று அஞ்சலைக்குச் சொன்னது நான். அவர் நான் சொன்னபடி செய்தார். புண்ணாக்கை ஏற்றிச் சென்றவர் திரு. ஏழுமலை. அதற்கான பணம் செக்குக்கு வரவில்லை."

குறட்டை நின்றது.

யாரோ ஒருவர்: "பி.காம்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" கூடமே சிரித்தது. சிரிக்கட்டும். நியாயமான கேள்வி.

பெ.மா. மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். பிடுங்கினார் என்று எழுத வேண்டும். "கொழந்தப் பொண்ணு, புரியாமப் படிக்குது. மீட்டரு வேகமா ஓடுது, அவ்ளோதான். ஐநூத்தி அறுவது ஈடு யாரு வுட்டது? சொல்லட்டும் பாப்பம்."

வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "நான் பதினாலு ஈடு வுட்டன். மாசிலருந்து."

"நான் ஒம்போது."

"எங்க வூட்ல இருவத்தி ரெண்டு. என் மருமவ வுட்டது தனி, அத அவளே சொல்வா."

"நான் ஆறு. இல்ல, ஏழு. மாடு வித்துட்டன் போன வருசம், எனுக்கு எதுக்குப் புண்ணாக்கு?"

நான் அறிக்கையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பெயரும் எண்ணும் எழுத ஆரம்பித்தேன். எழுந்துகொண்டே இருந்தார்கள். காசு கொடுத்தால் எண்ணிக் கொடுப்பது போல, விட்ட புண்ணாக்கையும் ஒவ்வொருவரும் எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதாதது நான் மட்டும். இந்த ஊரில் நோட்டைத் தவிர எல்லா இடத்திலும் கணக்கு இருந்திருக்கிறது.

பெ.மா.: "வாய்ல சொன்னா கணக்கா? ரசீது இருக்கா?"

"ரசீது குடுக்காதவன் கேக்கறாம்பாரு ரசீது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குச் சிரித்த சிரிப்பு எனக்குச் சிரித்ததைவிடப் பெரியது.

ஏழுமலை எழுந்தார். முகம் சிவந்து. "நான் ஒன்னும் சும்மா திங்கல. தேருக்குப் பாட்டுக் கச்சேரி வச்சது யாரு? சீரியல் செட்டு யாரு போட்டது? அந்தக் காசுதான் அது."

இது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். பாதியாவது. அப்போது அந்தப் பதினான்கு ஈடு அம்மா: "கச்சேரிக்கு வூட்டுக்கு முந்நூறு வாங்குனியேப்பா. அது எந்தக் கச்சேரி?"

அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று கேட்கவே இல்லை. சத்தம். ஒரு நாற்காலி விழுந்தது.

முடிவானது:
– அறிக்கை இப்போது ஏற்கப்படாது. ஒரு மாதம் கழித்து மறுபடி.
– ஊரார் சொன்ன ஈடு 418. அதற்கு உண்டான புண்ணாக்குப் பணம் ஏழுமலை மூன்று தவணையில் கட்ட வேண்டும்.
– மீதி 142 யார் விட்டது, தெரியாது. அதை எழுதாமல் விட்ட பொறுப்பு என்னுடையது என்று தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிந்தேன். என் கையெழுத்திலேயே.
– புதுப் பூட்டை எடுக்க வேண்டும். அஞ்சலையைக் கூப்பிட வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் வாசல் படி காலி. எப்போது போனார் என்று தெரியவில்லை.

யாரும் என்னிடம் நன்றாகச் செய்தாய் என்று சொல்லவில்லை. பெ.மா. கடந்து போகும்போது, "பலாப்பழம் இனிச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வரும் வழியில், மூலக்குளம் திருப்பத்தில் சரவணன், "பாகம் கோர்ட்லதான் இனிமே" என்றார். திட்டும் குரலில் இல்லை. என்ன குரல் என்று தெரியவில்லை.

இன்னமும் உடம்பு கொதிக்கிறது. பெ.மா. மேல். ஏழுமலைமேல். "அவ்ளோதாங்க்கா" என்று எழுந்த என்மேல். ஒரு போன் போட எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு ஒரு பெண் நாலு நாள் ஊரில் திருடியாக நடந்திருக்கிறார்.

ஜூலை 14, திங்கள்

அஞ்சலை அக்காவுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்.

மதியம் அவரே கூப்பிட்டார். பின்னால் செக்குச் சத்தம். ஓட்ட ஆரம்பித்துவிட்டார்!

"அக்கா, நான் உங்ககிட்ட…"

"அத வுடு. ஊர்ல கூப்ட்டாங்க, வந்தேன். உனுக்காக இல்ல. நோட்டு வோணும். பெருசா, நீளமா. கட்டம் எத்தினின்னு நான் சொல்றேன், நீ கோடு மட்டும் போடு. யாரு வந்தாங்க, எத்தினி ஈடு, காசா புண்ணாக்கா, எத்தினி மூட்ட போச்சு, எந்த வண்டி, ஏத்துனவன் கையெழுத்து."

எழுதிக்கொண்டேன். ஆறு கட்டம். நான் போட்டது இரண்டு.

"சரிக்கா. நாளைக்கே வாங்கிட்டு வரேன். காசு நானே…"

"நீ எதுக்குக் குடுக்கற? ஊர் நோட்டு, ஊர்க் காசு. பில்லு வாங்கிக்கினு வா. பில்லு இல்லன்னா ஒத்த ரூபா தர மாட்டேன். உன்ன நம்பி இனிமே நான் எதுவும் குடுக்கறதா இல்ல."

வைத்துவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே மழை வந்து நின்றது. கடைத்தெரு முழுக்கச் சேறு. நீள நோட்டு, இருநூறு பக்கம், எண்பத்தைந்து ரூபாய். கடைக்காரர்: "ஒரு நோட்டுக்குப் பில்லா? யாரும்மா கேக்கப் போறா?"

கேட்பார்கள் என்றேன். பில் புத்தகம் உள்ளே எங்கேயோ இருக்கிறதாம், தேட வேண்டுமாம். தேடுங்கள் என்றேன். யாழினியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, அவர் தேடி எடுத்து, பேனா தேடி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்கும் வரை நகரவில்லை.